வளர்ச்சிக் கணக்கில் குன்றுக்கு இடம் உண்டா? ஆரவல்லி எழுப்பும் கேள்வி

புது தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகை அமைந்துள்ள ரைசினா குன்று, சுற்றியுள்ள சமவெளியைவிட 20 மீட்டர்கூட உயர்ந்ததல்ல. ஆயினும் தலைநகர் உருவான நாளிலிருந்து அது குன்று என்றே அழைக்கப்பட்டு வருகிறது. நாட்டின் மிகத் தொன்மையான மலைத்தொடர்களுள் ஒன்றான ஆரவல்லியின் வடகோடி நீட்சி அது. ஆனால், 2025 நவம்பர் 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இலக்கணத்தை வைத்து அளந்தால், ரைசினாவுக்குக் குன்று என்ற தகுதி கிடைக்காது.

சுற்றுப்புற நிலமட்டத்திலிருந்து 100 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயர்ந்து நிற்பதே ஆரவல்லிக் குன்று. அத்தகைய குன்றுகள் இரண்டோ அதற்கு மேலோ 500 மீட்டர் தொலைவுக்குள் அமைந்திருந்தால் அது ஆரவல்லித் தொடர். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தலைமையில் அமைந்த குழு பரிந்துரைத்த இந்த இலக்கணத்தை, அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் கே. வினோத் சந்திரன், என்.வி. அஞ்சாரியா ஆகியோர் அடங்கிய அமர்வு ஏற்றது. சுரங்கப் பணிகளை ஒழுங்குபடுத்துவதற்கான வரையறைதான் இது என்று அரசு விளக்கம் அளித்தது. வரையறைக்கு வெளியே நிற்கும் குன்றுகளின் கதி என்ன என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கேட்டனர்.

அடுத்த சில வாரங்களில் ஜெய்ப்பூர், உதய்ப்பூர், குருகிராம், தில்லி எனப் பல நகரங்களில் மக்கள் வீதிக்கு வந்தனர். டிசம்பர் 24-ம் தேதி, ஆரவல்லியில் புதிய சுரங்கக் குத்தகைகளை வழங்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு மத்திய அரசு உத்தரவிட்டது. டிசம்பர் 29-ம் தேதி, தலைமை நீதிபதி சூர்ய காந்த் தலைமையிலான அமர்வு தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, நவம்பர் 20-ம் தேதி பிறப்பித்த உத்தரவை நிறுத்திவைத்தது. இந்தப் பிரச்னையை ஆராயத் துறை வல்லுநர்களைக் கொண்ட உயர்நிலைக் குழு ஒன்றை அமைக்கும் யோசனையையும் முன்வைத்தது.

நாற்பது நாள்களுக்குள் நாட்டின் உச்ச நீதிமன்றம் தனது உத்தரவைத் தானே நிறுத்திவைக்க நேர்ந்தது சாதாரண நிகழ்வன்று. ஆயினும் ஆர்வலர்கள் எழுப்பும் கேள்வி 100 மீட்டரோடு முடிந்துவிடவில்லை. பொருளாதார வளர்ச்சி என்ற பெயரில் தோண்டி எடுக்கப்படுவது வரவாகப் பதிவாகிறது. அதனால் இழக்கப்படுவதை எந்த ஏட்டில் எழுதுவது என்பதே அவர்களது கேள்வி.

காணாமல் போன 31 குன்றுகள்

குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான், ஹரியாணா வழியாகத் தில்லி வரை சுமார் 700 கிலோ மீட்டர் நீளும் ஆரவல்லி, இமயமலையைவிட மிக மிகப் பழையது. காலம் தேய்த்துத் தேய்த்துப் பல இடங்களில் அது குட்டையாகிவிட்டது. குட்டையான அந்தக் குன்றுகள்தான் தார்ப் பாலைவனத்தின் மணல் கிழக்கே பரவாமல் தடுப்பதில் பங்காற்றுகின்றன. அவற்றின் பாறைப் பிளவுகள் வழியாக இறங்கும் மழைநீரே தில்லி, குருகிராம், ஃபரீதாபாத் பகுதிகளின் நிலத்தடி நீருக்கு ஆதாரமாக உள்ளது. மணலைத் தடுக்கவும் நீரை உறிஞ்சவும் 100 மீட்டர் உயரம் தேவையில்லை என்பதே ஆர்வலர்கள் வாதத்தின் சாரம்.

அந்தக் குன்றுகளில் கட்டடக் கல், பளிங்கு, செம்பு, துத்தநாகம் எனப் பலவும் உள்ளன. கல்லையும் ஜல்லியையும் விழுங்கியே தலைநகரும் அதன் துணை நகரங்களும் வளர்ந்தன. தில்லியின் தென் எல்லையில் பட்டி சுரங்கங்கள் இயங்கிய பகுதியே 1991-ல் வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஃபரீதாபாதில் ஒரு காலத்தில் சுற்றுலாப் பயணிகள் படகுச் சவாரி செய்த பட்கல் ஏரி வறண்டுபோனது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் நடந்த சுரங்கப் பணிகள் இதற்கு முக்கியக் காரணமாகச் சுட்டப்படுகின்றன.

2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நடந்த விசாரணை இந்த விவகாரத்தின் ஆழத்தைக் காட்டியது. ராஜஸ்தானில் இந்திய வன அளவை நிறுவனம் மாதிரியாக எடுத்துக்கொண்ட 128 குன்றுகளில் 31 குன்றுகள் மறைந்துவிட்டதாக நீதிமன்றத்திடம் தெரிவிக்கப்பட்டது. மலைகளைத் தூக்கிச் செல்ல மக்கள் அனுமன்களாகிவிட்டனரா என்று நீதிபதி மதன் பி. லோக்குர் வினவினார். 115.34 ஹெக்டேர் பரப்பில் நடந்துவந்த சட்டவிரோதச் சுரங்கப் பணிகளை 48 மணி நேரத்துக்குள் நிறுத்துமாறு, அவரும் நீதிபதி தீபக் குப்தாவும் அடங்கிய அமர்வு உத்தரவிட்டது.

ஆரவல்லிச் சுரங்கங்கள் வழியாக ராஜஸ்தான் அரசுக்குச் சுமார் ரூ. 5,000 கோடி ராயல்டி கிடைப்பதாக அன்று பேசப்பட்டது. அந்த வருவாய்க்காகத் தில்லியில் வாழும் லட்சக்கணக்கான மக்களின் உயிரை ஆபத்துக்குள்ளாக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. ஐயாயிரம் கோடி என்ற வரவு துல்லியமாகப் பதிவாகியிருந்தது. மறைந்துபோன 31 குன்றுகள் தேக்கிவைத்த நீருக்கும், தடுத்து நிறுத்திய மணலுக்கும் எந்த ஏட்டிலும் விலை குறிக்கப்பட்டிருக்கவில்லை.

வறுமையே பெரும் மாசு என்ற வாதம்

வளர்ச்சி சுற்றுச்சூழலைக் கெடுக்கிறதா என்ற கேள்வி தில்லிக்குப் புதிதன்று. 1972 ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாட்டில் உரையாற்றிய பிரதமர் இந்திரா காந்தி, வறுமையும் தேவையுமே மிகப் பெரிய மாசு அல்லவா என்று கேட்டார். பசித்த வயிற்றிடம் மரத்தின் அருமையைப் பேச முடியாது என்ற அந்த நிலைப்பாடு, கட்சிகளைக் கடந்து, இன்றளவும் இந்திய அரசுகளின் அடிப்படை வாதமாக இருந்து வருகிறது.

அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2005-06 முதல் 2019-21 வரையிலான காலத்தில் இந்தியாவில் 41.5 கோடி பேர் பன்முக வறுமையிலிருந்து மீண்டதாக ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2023-ல் தெரிவித்தது. சாலையும் பாலமும் பள்ளியும் மருத்துவமனையும் கல்லும் மணலும் இல்லாமல் எழும்புவதில்லை. கல்லுடைக்கும் தொழிலை நம்பி ராஜஸ்தானிலும் ஹரியாணாவிலும் ஏராளமான குடும்பங்கள் வாழ்கின்றன.

தடையால் மட்டும் பயன் விளையவில்லை என்பதும் உண்மை. தில்லி எல்லையை ஒட்டிய ஹரியாணா ஆரவல்லிப் பகுதியில் 2002-ல் சுரங்கப் பணிகளுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2009-ல் ஃபரீதாபாத், குருகிராம், மேவாத் மாவட்டங்களுக்கும் தடை வந்தது. ஆனால் இரவில் லாரிகள் ஓடுவது நிற்கவில்லை. நூஹ் மாவட்டத்தில் 2022 ஜூலை 19-ம் தேதி சட்டவிரோதச் சுரங்கத்தைத் தடுக்கச் சென்ற துணைக் காவல் கண்காணிப்பாளர் ஒருவர் டிப்பர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். முழுத் தடை விதித்தால் சட்டவிரோதச் சுரங்கமும் மாஃபியாக்களும் தழைக்கவே வழி ஏற்படும் என்று 2025 நவம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் குறிப்பிட்டது.

ஆரவல்லியின் மொத்தப் பரப்பான 1.44 லட்சம் சதுர கிலோ மீட்டரில் வெறும் 0.19 விழுக்காட்டில் மட்டுமே சுரங்கத்துக்கு வாய்ப்புள்ளது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் 2025 டிசம்பரில் விளக்கினார். பெரும்பாலான குன்றுகள் பாதுகாப்பை இழக்கும் என்ற குற்றச்சாட்டையும் அமைச்சகம் மறுத்தது. மலை அமைந்துள்ள மாவட்டங்களின் முழு நிலப்பரப்பையும் மலையின் பரப்பாகக் காட்டி விழுக்காட்டைக் குறைத்திருப்பதாக ஆர்வலர்கள் பதிலளித்தனர்.

பணத்தால் திரும்பும் இழப்பும் திரும்பாத இழப்பும்

வளர்ச்சியின் தொடக்கத்தில் மாசு கூடும். வருமானம் உயர்ந்தபின் தூய்மைக்குச் செலவிட வசதி வந்து மாசு குறையும் என்பது பொருளாதார அறிஞர்களில் ஒரு சாராரின் கருத்து. இதற்குச் சான்றாகத் தில்லிப் பேருந்துகளைச் சுட்டுவார்கள். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், நகரின் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என 1998 ஜூலை 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அனில் அகர்வால், சுனிதா நாராயண் ஆகியோரின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் இதற்காகத் தொடர்ந்து வாதாடியது. செலவு கட்டுப்படியாகாது, எரிவாயு கிடைக்காது என்றெல்லாம் எழுந்த எதிர்ப்புகளைக் கடந்து 2002 இறுதிக்குள் மாற்றம் நிறைவேறியது. பேருந்தும் ஓடியது, கரும்புகையும் குறைந்தது.

ஆனால் பின்னர் பெருகிய தனியார் வாகனங்களும், கட்டுமானத் தூசியும், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளும், அறுவடைக்குப் பிந்தைய வயல் தீயும் அந்தப் பலனைப் பெருமளவு விழுங்கிவிட்டன. 2025 நவம்பர் 9-ம் தேதி சுத்தமான காற்று வேண்டும் என்று கோரி இந்தியா கேட்டில் திரண்ட பெற்றோர்களையும் இளைஞர்களையும் போலீஸார் பிடித்துச் சென்றனர்.

பேருந்தின் எரிபொருளைப் பணத்தால் மாற்றலாம். தரைமட்டமான குன்றை எவ்வளவு செலவிட்டாலும் மீண்டும் எழுப்ப முடியாது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும்போதுதான் பிழை நேர்கிறது என்கின்றனர் ஆர்வலர்கள். காட்டை வேறு பயனுக்கு மாற்றினால் அதன் நிகர மதிப்பைச் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாட்டை 2002-ல் உச்ச நீதிமன்றம் கொண்டுவந்தது. காட்டின் தரத்தைப் பொறுத்து ஹெக்டேருக்கு ரூ. 4.38 லட்சம் முதல் ரூ. 10.43 லட்சம் வரை என 2008-ல் அந்தத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. குருகிராமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விலையோடு இதை ஒப்பிட்டால், கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கும் பழமொழி நினைவுக்கு வராமல் போகாது.

எதிர்க் கேள்விக்கு ஆரவல்லியிலேயே ஒரு விடையும் உண்டு. ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கம், கிராம மக்களுடன் சேர்ந்து 'ஜோஹட்' எனப்படும் மண் தடுப்பணைக் குளங்களை 1980-களிலிருந்து மீட்டெடுத்தது. கிணறுகளில் நீர் ஏறியது; வறண்டு கிடந்த அர்வரி ஆறு மீண்டும் ஓடியது; பிழைப்புத் தேடி ஊரைவிட்டுச் சென்றவர்கள் விவசாயத்துக்குத் திரும்பினர். சரிஸ்கா புலிகள் காப்பகப் பகுதியில் இயங்கிய சுரங்கங்களை எதிர்த்து 1991-ல் உச்ச நீதிமன்றம் சென்றதும் இதே சங்கம்தான். குன்றை உடைத்துக் கிடைக்கும் வருமானத்தைப் போலவே, குன்றைக் காத்துக் கிடைக்கும் வருமானமும் ஒன்று உண்டு என்பதை அல்வர் காட்டியது. முதலாவது ஒருமுறை கிடைப்பது. இரண்டாவது ஆண்டுதோறும் வருவது.

கல்லுடைப்பவர்களுக்குக் கிடைத்த வருமானத்துக்கும் ஒரு விலை இருந்தது. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து உயிரைக் குடிக்கும் சிலிகோசிஸ் நோய்க்கு ஆளான தொழிலாளர்களுக்கு உதவ 2019-ல் ராஜஸ்தான் அரசு தனிக் கொள்கையே வகுக்க வேண்டியதாயிற்று.  

கூடலூரில் பிறந்த வழக்கு

ஆரவல்லி விவகாரத்தை உச்ச நீதிமன்றம் விசாரித்து வருவது ஒரு பழைய வழக்கின் தொடர்ச்சியாக. நீலகிரி மாவட்டம் கூடலூரில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கு அது. 1996 டிசம்பர் 12-ம் தேதி பிறப்பிக்கப்பட்ட உத்தரவு, அகராதியில் காடு என்ற சொல்லுக்கு உள்ள பொருள் எதுவோ, அதற்குப் பொருந்தும் நிலமெல்லாம் காடே என்றது. உடைமையாளர் யார் என்பது பொருட்டில்லை என்றும் கூறியது. தமிழகத்தின் ஒரு மலை வட்டாரத்தில் பிறந்த கேள்வி, நாடு முழுவதற்கும் காட்டின் இலக்கணமாயிற்று.

அந்த இலக்கணத்தைச் சுருக்க எடுத்த முயற்சிகள் பல. தில்லியை ஒட்டிய ஆரவல்லி நிலங்களில் கட்டுமானத்துக்கு வழிவிடும் வகையில் 2019 பிப்ரவரி 27-ம் தேதி ஹரியாணா சட்டப்பேரவை, 1900-ம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. இரண்டே நாள்களில், அனுமதியின்றி அதைச் செயல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது.

2023-ல் நாடாளுமன்றமே வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. அறிவிக்கை செய்யப்பட்ட காடுகளுக்கும், 1980 அக்டோபர் 25-ம் தேதியிலோ அதற்குப் பிறகோ அரசு ஆவணங்களில் காடு என்று பதிவானவற்றுக்கும் மட்டுமே சட்டம் பொருந்தும் என்றது திருத்தம். ஆவணத்தில் பெயர் ஏறாத காடுகள் இதனால் வெளியே நிற்க நேரும் என்பது ஆர்வலர்களின் அச்சம். ஃபரீதாபாத் அருகே கிராம மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடரி வைக்காமல் காத்துவரும் மங்கர் பனியை அவர்கள் உதாரணம் காட்டினர். நம் ஊர்க் கோயில்காடுகளைப் போன்ற ஒன்று அது. 2024 பிப்ரவரி 19-ம் தேதி இடைக்கால உத்தரவில், 1996-ம் ஆண்டின் அகராதிப் பொருளையே தொடர்ந்து பின்பற்றுமாறு உச்ச நீதிமன்றம் கூறியது.

ஒரே நாளில் இரு மசோதாக்கள்

இந்தத் திருத்தம் நாடாளுமன்றத்தைக் கடந்த விதம் கவனத்துக்குரியது. சுற்றுச்சூழல் துறைக்கான நிலைக்குழுவுக்கு மசோதா அனுப்பப்படவில்லை. காங்கிரஸைச் சேர்ந்த ஜெய்ராம் ரமேஷ் அப்போது அந்தக் குழுவின் தலைவர். மாறாகக் கூட்டுக் குழு ஒன்றை அமைத்து அதனிடம் மசோதா ஒப்படைக்கப்பட்டது. ஜெய்ராம் ரமேஷ் இதற்கு ஆட்சேபம் தெரிவித்தார். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலரின் எதிர்ப்புக் குறிப்புகளுடன் அறிக்கை அளித்த கூட்டுக் குழு, மசோதாவில் ஒரு மாற்றத்தைக்கூடப் பரிந்துரைக்கவில்லை.

அந்த மழைக்காலக் கூட்டத்தொடர் முழுவதையும் மணிப்பூர் கலவரம் தொடர்பான அமளி ஆக்கிரமித்திருந்தது. 2023 ஜூலை 26-ம் தேதி மக்களவையில் நிறைவேறிய வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா, ஆகஸ்ட் 2-ம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதே நாளில் அதே அவையில் சுரங்கம் மற்றும் கனிமங்கள் திருத்த மசோதாவும் நிறைவேறியது. காட்டின் எல்லையைச் சுருக்கிய சட்டமும், முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்த சட்டமும் ஒரே நாளில் மாநிலங்களவையைக் கடந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்து விரிவாக விவாதிக்க அவையில் சூழல் இல்லை.

இரண்டாவது சட்டத்தின் விளைவு தமிழகத்துக்கு விரைவிலேயே தெரிந்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2,015.51 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் எடுக்க, வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் 2024 நவம்பரில் ஏலத்தில் தேர்வானது. அந்தப் பரப்புக்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. குன்றுகளும் குடைவரைக் கோயிலும் சமணர் படுகைகளும் தமிழிக் கல்வெட்டும் கொண்ட அரிட்டாபட்டி, 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. 2024 டிசம்பர் 9-ம் தேதி சட்டப்பேரவையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மேலூர் வட்டார விவசாயிகளின் பிரதிநிதிகள் தில்லி வந்து மத்திய சுரங்கத் துறை அமைச்சர் கிஷண் ரெட்டியைச் சந்தித்தனர். 2025 ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்து செய்யப்பட்டது.

அரிட்டாபட்டி மக்கள் கேட்டதும் ஆரவல்லி மக்கள் கேட்டதும் ஒன்றே. எங்களிடம் கேட்காமல் எங்கள் குன்றுக்கு விலை வைத்தது யார் என்பதே அது. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய திட்டங்களுக்கு முன்னதாகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். சாதாரணக் குடிமகன் எழுந்து நின்று கேள்வி கேட்கச் சட்டம் அளித்த வாய்ப்பு அது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்கு இந்தக் கூட்டம் தேவையில்லை என்று 2025 செப்டம்பர் 8-ம் தேதி சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலக உத்தரவு பிறப்பித்தது. தமிழக அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் உள்ள கனிமம்தான். நாடாளுமன்றத்தில் மசோதாவாக வராமல், அலுவலக உத்தரவாகவே இந்த மாற்றம் வந்தது.

இரண்டு நாள், இரண்டு தீர்ப்பு

ஆரவல்லி உத்தரவுக்கு இரண்டு நாள் முன்பு, 2025 நவம்பர் 18-ம் தேதி, உச்ச நீதிமன்றம் மற்றொரு முக்கியத் தீர்ப்பையும் அளித்தது. முன் அனுமதி பெறாமல் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னர் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கும் முறையை, மும்பையைச் சேர்ந்த வனசக்தி அமைப்பின் வழக்கில் நீதிபதிகள் ஏ.எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் 2025 மே 16-ம் தேதி ரத்து செய்திருந்தனர். மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. தீர்ப்பு நீடித்தால் சுமார் ரூ. 20,000 கோடி மதிப்பிலான பொதுத் திட்டங்களை இடிக்க நேரிடும் என்பது பெரும்பான்மைத் தரப்பு முன்வைத்த முக்கியக் காரணங்களுள் ஒன்று. நீதிபதி புயான் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

இங்கும் ஒரு தட்டில் ரூ. 20,000 கோடி என்ற எண் இருந்தது. மறு தட்டில் இருந்தவற்றுக்கு எண் இல்லை. எண் உள்ள தட்டு தாழ்வது இயல்பு என்று ஆர்வலர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

எண்ணே இல்லையா?

உண்மையில் எண்கள் இல்லாமல் இல்லை. இந்தியாவில் சுற்றுச்சூழல் சீர்கேட்டால் ஏற்படும் இழப்பு ஆண்டுக்கு ரூ. 3.75 லட்சம் கோடி என்றும், இது 2009-ம் ஆண்டின் ஒட்டுமொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5.7 விழுக்காட்டுக்குச் சமம் என்றும் உலக வங்கி 2013-ல் மதிப்பிட்டது. 2019-ல் மட்டும் காற்று மாசால் நாட்டில் 16.7 லட்சம் பேர் இறந்தனர் என்றும், அதனால் ஏற்பட்ட பொருளாதார இழப்பு உள்நாட்டு உற்பத்தியில் 1.36 விழுக்காடு என்றும் லான்செட் இதழ்க் குழுமம் வெளியிட்ட ஆய்வு கூறியது. தனிநபர் அளவில் மிக அதிக இழப்பைச் சந்தித்தது தில்லி.

இயற்கையின் இழப்பைக் கழித்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கை 2015-க்குள் கொண்டுவர வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது ஜெய்ராம் ரமேஷ் விரும்பினார். கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் பார்த்தா தாஸ்குப்தா தலைமையில் அமைந்த குழு, அதற்கான வழிமுறையை 2013-ல் அளித்தது. 2018 முதல் மத்திய புள்ளியியல் அமைச்சகம் காடு, நிலம், நீர் ஆகியவற்றின் கணக்குகளைத் தனி அறிக்கையாக வெளியிட்டு வருகிறது. ஆயினும் வளர்ச்சி விகிதம் அறிவிக்கப்படும் நாளில் பேசப்படும் எண் ஒன்றுதான். இழப்பைக் கழித்த எண் தலைப்புச் செய்திக்கு வருவதில்லை.

நாடாளுமன்றத்தில் நிலைமை இதைவிடக் கவலைக்குரியது. காற்றின் மாசு அளவு உயர்வதற்கும் நுரையீரல் நோய்களுக்கும் நேரடித் தொடர்பை நிறுவும் உறுதியான தரவு இல்லை என்று 2025 டிசம்பர் 18-ம் தேதி மாநிலங்களவையில் எழுத்துபூர்வ பதில் அளிக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தொடரில் தில்லியின் காற்று மாசு குறித்து மக்களவையில் விவாதம் நடைபெறும் என எதிர்பார்க்கப்பட்டது. வேறு மசோதா தொடர்பான அமளியில் அவை மறுநாள் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது, விவாதம் நடக்கவேயில்லை. அவைக்கு வெளியே நகரம் புகைமூட்டத்தில் கிடந்தது.

தில்லியின் 'ரிட்ஜ்' எனப்படும் ஆரவல்லிக் காட்டைக் காக்க 1979-ல் பள்ளி, கல்லூரி மாணவர்கள் சிலர் ஒன்றுகூடினர். அதிலிருந்து பிறந்ததுதான் 'கல்பவிருட்சம்' என்ற அமைப்பு. அவர்களைப் போன்றவர்கள் நடத்திய இயக்கங்களின் பயனாக 1994-ல் ரிட்ஜின் 7,777 ஹெக்டேர் நிலத்தைக் காப்புக் காடாக்கும் முதல் அறிவிக்கை வந்தது. முப்பது ஆண்டு கழித்து, 2024 பிப்ரவரியில், அதே ரிட்ஜ் பகுதியில் சாலையை அகலப்படுத்துவதற்காக நூற்றுக்கணக்கான மரங்கள் நீதிமன்ற அனுமதியின்றி வெட்டப்பட்டன. துணை ராணுவப் படையினருக்கான மருத்துவமனைக்குச் செல்லும் சாலை அது. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் செயல் நீதிமன்ற அவமதிப்பு என்று 2025 மே 28-ம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மருத்துவமனையின் பொதுநலனையும் கருத்தில் கொண்டது. அதிகாரிகளுக்கு விதித்த தொகை தலா ரூ. 25,000, காடு வளர்க்கவும் உத்தரவிட்டது. மருத்துவமனை வேண்டாம் என்று எந்த ஆர்வலரும் கூறவில்லை. வெட்டும் முன் கேட்டிருந்தால் வேறு வழி கண்டிருக்கலாம் என்பதே அவர்களது வருத்தம்.

அவை கேட்க வேண்டியது

ஆரவல்லியில் ஆனாலும் அரிட்டாபட்டியில் ஆனாலும் முடிவு மாறியது மக்கள் வீதிக்கு வந்த பிறகே. நூறு மீட்டர் என்ற இலக்கணம் வகுக்கப்பட்டபோது, அதை அளக்கும் முறை சரியா, இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட வெளியில் சுரங்கம் வருமா என்ற கேள்விகளை முதலிலேயே கேட்டிருக்க முடியும். அவற்றை உச்ச நீதிமன்றம் டிசம்பர் 29-ம் தேதி எழுப்பியது. குத்தகைகள் ஏலம் போவதற்கு முன்பு, சட்டம் இயற்றும் அவையில் எழுந்திருக்க வேண்டிய கேள்விகள் அவை.

வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்தினால் வேண்டும் என்பதே இந்த நாட்டின் விடையாக இருக்கும். ஆர்வலர்களும் அதை அறிவார்கள். அவர்கள் கோருவது எளிமையான ஒன்று. ஆண்டுதோறும் பொருளாதார ஆய்வறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்போது, அந்த ஆண்டில் இழந்த காடு, வற்றிய நீர், கரைந்த குன்று ஆகியவற்றின் கணக்கும் அதனுடன் வைக்கப்பட வேண்டும். உறுப்பினர்கள் இரண்டையும் படித்துவிட்டுப் பேச வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டம் போன்ற மக்கள் உரிமைகளை மாற்றுவதானால், அலுவலக உத்தரவால் மாற்றாமல் அவையின் முன் கொண்டுவர வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. புள்ளியியல் அமைச்சகத்திடம் கணக்கு இருக்கிறது. தாஸ்குப்தா குழுவின் வழிமுறை இருக்கிறது. கேள்வி நேரம் என்ற ஏற்பாடு நாடாளுமன்றத்தில் உள்ளது. ராஜஸ்தானில் மறைந்த 31 குன்றுகளின் வரவுப் பக்கம் ராயல்டி ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது. செலவுப் பக்கத்தை எழுதும்படி எந்த உறுப்பினர் எந்த அமைச்சரிடம் கேட்கப் போகிறார் என்பதே இப்போது எஞ்சியுள்ள கேள்வி.